ஆகாயத்திற்கு வேலி வேண்டுமா?

ஆகாய விமானக் கம்பெனிகளைச் சர்க்கார் கட்டுப்படுத்த வேண்டுமா, அல்லது அவற்றைத் தம் போக்கில் விட்டுவிட வேண்டுமா என்னும் வாதம் இன்று நேற்று எழுந்ததன்று. இது பொருளாதாரம் கற்ற பெரியோர்க்கே உரிய விஷயமென்று எண்ணி ஒதுங்கியிருப்போர் நம்மவருள் பலர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே ஒதுங்கியிருந்தோம். ஆனால் ஒரு டிக்கட்டின் விலை நம் குடும்பத்தின் சாவிலும் வாழ்விலும் குறுக்கிட்ட பின், அவ்விஷயம் நம்முடையதுமாயிற்று. ஆதலின் நாம் கண்டதையும் கற்றதையும் அன்பர்கள் முன் வைத்து, முடிவை அவர்தம் பகுத்தறிவுக்கே விட்டுவிடக் கருதுகிறோம்.

நம் தகப்பனார் கோலாலம்பூர் செந்தூல் இரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். நாமோ பிழைப்பின் பொருட்டுச் சிங்கையில் குடியேறி ஒரு வியாபார நிலையத்தில் கணக்கெழுதி வந்தோம். 1996-ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குத் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். “அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உடனே புறப்பட்டு வா” என்று மட்டும் சொன்னார்.

சிங்கைக்கும் கோலாலம்பூருக்கும் ஆகாய மார்க்கம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் சென்று சேரும். இரவு விமானம் ஒன்றில் இடமும் இருந்தது. அதன் விலையைக் கேட்டோம். நம் மாதச் சம்பளத்தில் ஆறிலொரு பங்கு. அதுவும் போவதற்கு மட்டும். மாதக் கடைசி. வீட்டுத் தவணையும் பிள்ளைகளின் புத்தகச் செலவும் எதிரே நின்றன. “அப்பாவுக்கு இப்படி முன்பும் வந்ததுண்டு, காலையில் போய்ச் சேர்ந்தாற் போதும்” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, நள்ளிரவு பஸ் ஏறினோம். காலை ஆறு மணிக்குப் புடு ராயாவில் இறங்கிய நம்மை எதிர்கொண்ட தமையனாரின் முகமே செய்தியைச் சொல்லிற்று. தகப்பனார் நாலரை மணிக்கே கண்மூடிவிட்டார்.

பிறர் இரக்கத்தைத் தேடி இதனை எழுதினோமில்லை. அன்றிரவு கடன் வாங்கியேனும் விமானம் ஏறியிருக்கலாம். ஏறாதது நம் குற்றமே. அக்குற்றத்தை நாம் இன்றளவும் மறந்தோமில்லை. ஆயினும், ஒரு மணி நேரப் பயணத்திற்கு அத்துணை விலை ஏன் என்னும் வினா அன்றே நம் நெஞ்சில் முளைத்தது. குற்றமுள்ள நெஞ்சு தன் சுமையை இறக்கிவைக்க வேறோரிடம் தேடுவது இயல்பு. அத்தேட்டத்திலேதான் நாம் இவ்விஷயத்தைப் படிக்கத் தொடங்கினோம் என்பதை மறைப்பானேன்?

நிற்க. அக்காலத்தில் அவ்வழியே பறந்து ஜனங்களை ஏற்றிச் செல்லும் வியாபாரம் பெரும்பாலும் இரண்டே கம்பெனிகளின் கையில் இருந்தது. ஒன்று மலேசியாவின் கம்பெனி. மற்றொன்று சிங்கையின் கம்பெனி. இரண்டும் ஒருதாய் மக்களே. 1947-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, காலாங் விமானத் தளத்திலிருந்து ஐந்து பிரயாணிகள் ஏறக்கூடிய சிறு விமானமொன்று கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்குப் புறப்பட்டதே, அந்த மலாயன் ஏர்வேஸ் கம்பெனிதான் இரண்டிற்கும் மூலம். பின்னர் அது பெயர்கள் மாறி, 1972-இல் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இரு சகோதரரும் தமக்குள் போட்டியிட்டுப் பொதுமக்களுக்கு நன்மை செய்தனரோ எனின், இல்லை. இரு சர்க்காரும் செய்துகொண்ட ஒப்பந்தம் மூன்றாமவரை உள்ளே விடாது காத்தது. உள்ளே இருந்த இருவருக்கும் விலையைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லாதிருந்தது.

ஆகாயத்தில் எல்லைக் கோடு ஏது என்று சிலர் வினவலாம். நிலத்தைக் காட்டிலும் அங்கேதான் கோடுகள் மிகுதி. 1944-இல் சிக்காகோ நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்திற்கு முழு அதிபதி. ஆகவே இரு நாடுகளுக்கிடையே வியாபார விமானம் பறக்க வேண்டுமாயின், இரு சர்க்காரும் அமர்ந்து பேசி, எந்தக் கம்பெனி, எந்த ஊருக்கு, வாரத்தில் எத்தனை முறை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வேலி எதிரிகளின் படையிலிருந்து நாட்டைக் காக்கவும், நாட்டுக் கம்பெனி நிலைபெறவும் போடப்பட்டது. காலப்போக்கில் வேலி பயிரைக் காத்ததோடு நில்லாமல், விளைச்சலைச் சந்தைக்கு வாராமலும் தடுக்கத் தொடங்கிற்று.

இவ்வாதத்தை உலகிற்கே கற்பித்த பள்ளிக்கூடம் அமெரிக்கா. அந்நாட்டின் அனுபவத்தைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகிறது. 1930-ஆம் ஆண்டுகளில் அங்கே பொருளாதார மந்தம் கொடுமையாக இருந்தது. விமானக் கம்பெனிகள் தபால் சுமக்கும் உரிமைக்காக ஒன்றையொன்று வீழ்த்தக் கட்டுபடியாகாத விலைக்கு ஏலம் கேட்டன; பல திவாலாகும் நிலையில் இருந்தன. இப்படியே விட்டால், இளம் தொழில் அழிந்துபோகும். அழியுமுன் செலவைச் சுருக்குவதற்காகப் பிரயாணிகளின் உயிரோடு விளையாடும் என்று அஞ்சினர் பலர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே 1938-இல் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் வழியே பிறந்து, பின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்று பெயர்பெற்ற அதிகார சபை, எந்தக் கம்பெனி எந்த ஊர்களுக்கிடையே பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பவற்றையெல்லாம் தானே தீர்மானித்தது.

நல்லெண்ணத்தோடு பிறந்த அச்சபை நாற்பது ஆண்டுகளில் என்னவாயிற்று? 1938-இல் தொழிலில் இருந்த பெருங்கம்பெனிகளின் வரிசையில் புதிதாக ஒரு கம்பெனியைக்கூட அது சேர்த்துக்கொள்ளவில்லை. 1950 முதல் 1974 வரை புதிதாக நுழைய விரும்பியோரிடமிருந்து 79 விண்ணப்பங்கள் வந்தன; ஒன்றேனும் ஏற்கப்படவில்லை. மக்களைக் கம்பெனிகளிடமிருந்து காக்கப் பிறந்த சபை, கம்பெனிகளைப் போட்டியிலிருந்து காக்கும் சபையாயிற்று. விலையில் போட்டியிட முடியாத கம்பெனிகள் விருந்தில் போட்டியிட்டன. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களுக்குக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமே கட்டணம் விதித்து வந்த காலத்தில், 1958-இல், மலிவு வகுப்பில் கொடுக்கப்படும் சாண்ட்விச் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது பற்றிப் பெரும் வழக்கே எழுந்தது. ரொட்டியின் மேல் எத்துணை மாமிசம் வைக்கலாம் என்று பெரிய மனிதர்கள் கூடி விவாதித்தனர் எனில், கட்டுப்பாடு எவ்வளவு கேலிக்கூத்தாக மாறிற்று என்பது வெள்ளிடைமலை.

அவ்வேலிக்கு வெளியே ஓரிரண்டு நிலங்கள் இருந்தன. ஒரே மாகாணத்துக்குள் பறக்கும் கம்பெனிகள் மீது அச்சபைக்கு அதிகாரமில்லை. ஆதலால் கலிபோர்னியாவில் பசிபிக் சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனியும், 1971 முதல் டெக்சாஸில் சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனியும் தம் விருப்பப்படி விலை வைத்தன. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் கட்டணம், ஏறத்தாழ அதே தூரமுள்ள பாஸ்டன் – வாஷிங்டன் கட்டணத்தில் பாதியளவே இருந்தது. 1975-இல் செனட்டர் எட்வர்டு கென்னடி நடத்திய விசாரணையில் இவ்வுண்மை நாடறிய வெளிப்பட்டது. அதே விமானம், அதே எண்ணெய், அதே வானம். விலை மாத்திரம் இரு மடங்கு என்றால், மிகுதி எங்கே போகிறது என்று ஜனங்கள் கேட்கலாயினர்.

1977-இல் ஜனாதிபதி கார்ட்டர், கார்னெல் சர்வகலாசாலைப் பேராசிரியரான ஆல்பிரட் கான் என்பவரை அச்சபைக்குத் தலைவராக்கினார். தம் சபையின் அதிகாரத்தைத் தாமே குறைக்க வந்த விந்தையான தலைவர் அவர். பெருங்கம்பெனிகளுள் யுனைடெட் போன்ற சில தவிரப் பெரும்பாலானவை இம்மாறுதலை எதிர்த்தன. ‘சுதந்தர வியாபாரம்’ என்று மேடையில் முழங்கும் முதலாளிகளே தங்கள் வேலியைப் பிரிக்க வேண்டாமென்று சர்க்காரைக் கெஞ்சியதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1978 அக்டோபர் 24-இல் கார்ட்டர் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். 1984-ஆம் ஆண்டின் முடிவில் அச்சபையே மூடப்பட்டது. ஒரு சர்க்கார் இலாகா வேலை முடிந்ததென்று கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைப்பது உலகில் அபூர்வமான காட்சியன்றோ!

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கட்டணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1978-இல் செல்வரும் உத்தியோகஸ்தரும் மிகுதியாக ஏறிய விமானத்தில், தொழிலாளரும் மாணவரும் முதியோரும் ஏறலாயினர். விலை குறைந்தால் விமானங்கள் விழும் என்று சிலர் ஆரூடம் சொன்னார்கள், அது பலிக்கவில்லை. வழியையும் விலையையும் விட்டுக்கொடுத்த சர்க்கார், யந்திரப் பரிசோதனையையும் விமானிகளின் தகுதியையும் விட்டுக்கொடுக்கவில்லை. விபத்துகள் நேரும் விகிதம் காலப்போக்கில் குறைந்தே வந்தது.

தீமைகளையும் எண்ணிப் பார்ப்போம். திடீரென்று திறந்த வெளியில் தலைதெறிக்க ஓடிய பிரானிஃப் கம்பெனி 1982 மே மாதத்தில் விழுந்தது. உலகையே வலம் வந்த பான் அமெரிக்கன் 1991-இல் மறைந்தது. ஒவ்வொரு கம்பெனி விழும்போதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீதிக்கு வந்தனர். நிலைத்த கம்பெனிகளிலும் சம்பளமும் ஓய்வுக்கால நிதியும் வெட்டுண்டன. இலாபமில்லாத சிற்றூர்களை விமானங்கள் கைவிடாதிருக்க, அதே 1978 சட்டத்திலேயே பொதுப்பணத்திலிருந்து மானியம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, போட்டியில் வென்றவை தோற்றவற்றை விழுங்கின. 2008 முதல் 2013 வரை நடந்த இணைப்புகளின் பின், அந்நாட்டின் உள்நாட்டுப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நான்கே கம்பெனிகளின் கையில் சேர்ந்தது. முன்பு சர்க்கார் போட்ட வேலி. பின்பு கம்பெனிகளே போட்டுக்கொண்ட வேலி. தாம் திறந்துவிட்ட கதவைக் காக்காமல், 1980-ஆம் ஆண்டுகளிலேயே சர்க்கார் இத்தகைய இணைப்புகளுக்கு இடங்கொடுத்ததைக் கான் அவர்களே கண்டித்தார்.

இனி நம் பகுதிக்குத் திரும்புவோம். 2001-இல் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியா கம்பெனியை, அதன் கடன்களை ஏற்றுக்கொண்டு ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார் டோனி பெர்னாண்டஸ். மலிவு விலை விமானம் என்னும் புது யுகம் இப்பகுதியில் பிறந்தது. ஆயினும் சிங்கை – கோலாலம்பூர் வழியின் கதவு உடனே திறக்கவில்லை. 2008 பிப்ரவரி முதல் தேதிதான் மலிவுக் கம்பெனிகளுக்கு அளந்து வழி விட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் முழுக்கத் திறந்தனர். பத்தாண்டுகளுக்குள் அவ்வழி ஓராண்டில் 30,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கும் வழியாகி, உலகின் சர்வதேச வழிகளுள் முதலிடத்தை எய்திற்று. அத்தனை ஜனங்கள் அதுவரை எங்கிருந்தனர்? பஸ்ஸில் இருந்தனர், இரயிலில் இருந்தனர், அல்லது போகாமலே வீட்டில் இருந்தனர்.

2009-இல் நம் தாயார் எழுபத்து நான்காம் வயதில் முதன்முறையாக விமானம் ஏறிச் சிங்கைக்கு வந்தார்கள். டிக்கட்டின் விலை, நாம் 1996-இல் கேட்டறிந்த விலையில் ஐந்திலொரு பங்குகூட இல்லை. இறங்கியதும், “ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்களே!” என்று சிரித்தார்கள். பிறகு கார் வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “இது அன்றைக்கு இருந்திருந்தால் நீயும் வந்து சேர்ந்திருப்பாய்” என்றார்கள். அதில் குறை கூறும் குரல் சிறிதும் இல்லை. நாமோ தலை நிமிர இயலாமல் நின்றோம். அன்று முதல், வேலிகள் யாவும் ஒழிக என்பதே நம் கொள்கையாயிற்று.

அக்கொள்கையில் முதல் விரிசல், நம் சொந்த அனுபவத்தால் அன்று, பாரியோவைப் பற்றிப் படித்ததால் விழுந்தது. பாரியோ என்பது சரவாக்கின் உள்நாட்டு மலைமீதுள்ள சிற்றூர். அங்கும், அதுபோன்ற பற்பல ஊர்களுக்கும், பத்தொன்பது பேர் ஏறும் சிறு விமானமே பஸ்ஸும் ஆஸ்பத்திரி வண்டியும். 2006 ஆகஸ்டில் மலேசியாவின் உள்நாட்டு வழிகள் மாற்றியமைக்கப்பட்டபோது, இக்கிராம வழிகள் தேசியக் கம்பெனியிடமிருந்து தனியார் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வேற்பாடு ஈராண்டுகூட நீடிக்கவில்லை. 2007 அக்டோபரில், தேசியக் கம்பெனியின் கிளையாகப் பிறந்த மாஸ்விங்ஸ், சர்க்காரின் பண உதவியோடு அவ்வழிகளை ஏற்க நேர்ந்தது. 2025-இல் சரவாக் மாநில அரசாங்கமே அதனை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. காரணம் மறைபொருளன்று. பாரியோவில் பிள்ளைப்பேறு கண்ட தாயைச் சுமந்து வருவதில் இலாபம் இல்லை. சந்தை என்பது பணம் உள்ளவனின் குரலை மட்டுமே கேட்கும் செவி. பத்தொன்பது பேரின் குரல் அதற்கு எட்டாது.

இரண்டாம் விரிசல் நம் சொந்த அனுபவத்தில் விழுந்தது. தீபாவளியை நாம் கொண்டாடுவதில்லை; அதன் புராணத்தை நம்புவதுமில்லை. ஆயினும் நாட்டின் விடுமுறை நாளாதலால், பினாங்கிலுள்ள தமக்கையார் வீட்டில் குடும்பத்தார் அனைவரும் அன்று ஒன்றுகூடுவது வழக்கம். 2022-இல், பெருந்தொற்று தணிந்த பின் முதன்முறையாகக் கூடும் கூட்டம் அது. டிக்கட்டு விலையைப் பார்த்துவிட்டு, தமக்கையாரிடம் தேதியைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு ஒரு மணி நேரங்கழித்துத் திரும்பினால், விலை பாதியளவு ஏறியிருந்தது. சரியென்று அதனைக் கொடுத்தோம். புறப்பட வேண்டிய நாளில் விமானம் மும்முறை தாமதமாகி, இரவு பதினொரு மணிக்கு இல்லையென்றே ஆயிற்று. காரணம், ‘நிர்வாகக் காரணம்’. பணத்தைக் கேட்டால், அடுத்த பயணத்திற்குப் பயன்படும் வரவுச் சீட்டைத்தான் தருவோம் என்றனர். அதனையும் மனிதரிடம் கேட்க வழியில்லை. கைப்பேசியின் வாயிலாக யந்திரத்திடம் கேட்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் ஒரு துணிப்பையும் பலகாரத் தூக்குமாக உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்திப் பேசும் பழைய கைப்பேசிதான் அவரிடம் இருந்தது. விமானம் இல்லையென்ற செய்தியே அவருக்கு நாம் சொல்லித்தான் தெரிந்தது. “பேரனுக்கு முறுக்கு சுட்டு எடுத்துப் போகிறேன். என்ன தம்பி செய்வது, நம் தலையெழுத்து” என்றார்.

அவ்வொரு சொல் நம்மைச் சுட்டது. தலையெழுத்தென்னும் பொய்யை எதிர்த்து இந்நாட்டில் நம் முன்னோர் எத்துணை மேடைகளில் பேசினர்! ஏழை ஏழையாயிருப்பது பிரமன் எழுதியதன்று, மனிதன் எழுதியது என்று தோட்டந்தோறும் சென்று சொன்னார்களே! இன்றைக்கு அதே தலையெழுத்து வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. ‘சந்தை நிர்ணயித்த விலை’ என்கிறார்கள்; ‘கணிப்பொறி கணித்த விலை’ என்கிறார்கள். அதன்முன் கைகட்டி நிற்க வேண்டுமாம். கணிப்பொறிக்கு அக்கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் மனிதனன்றோ? மனிதன் எழுதியதை மனிதன் திருத்த முடியாதோ? அவ்வாறே மறுபக்கத்தில், ‘சர்க்கார் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி மேலே கைகாட்டுவதும் அதே பழைய பக்தியேயாகும். 1996-இல் நம்மைப் பஸ்ஸில் ஏற்றியது சர்க்காரின் ஒப்பந்தம். 2022-இல் அம்மூதாட்டியைத் தரையில் உட்காரவைத்தது கம்பெனியின் கணக்கு. இரண்டிற்கும் தேங்காய் உடைக்க நாம் தயாரில்லை.

அவ்வாறெனின், எதனைத்தான் ஏற்பது? கட்டுப்பாடு என்னும் ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருப்பதே இவ்வாதத்தின் குழப்பத்திற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். யார் பறக்கலாம், என்ன விலை வாங்கலாம் என்பது ஒன்று. விமானம் பழுதற்றதா, விமானி களைப்பற்றவனா என்பது மற்றொன்று. பணம் வாங்கியவன் சொன்னபடி நடந்தானா என்பது வேறொன்று. முதலாவதைத் தளர்த்தியதால் ஏழைக்கு நன்மை விளைந்தது என்பதற்கு நம் தாயாரே சாட்சி. ஆனால் முதலாவதைத் தளர்த்தியதைக் காட்டி, இரண்டாவதையும் மூன்றாவதையும் தளர்த்தக் கேட்பது மோசடி.

இரண்டாவதைத் தளர்த்தினால் என்ன நேரும் என்பதற்கு அண்மையிலேயே கொடிய பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்த 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு, 2018 அக்டோபரில் ஜாவாக் கடலிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 உயிர்கள் மாண்டன. விமானத்தைச் சோதித்துச் சான்று வழங்கும் வேலையில் பெரும் பகுதியைச் சர்க்கார் இலாகா, செய்தவனிடமே ஒப்படைத்திருந்தது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. பரீட்சை எழுதுபவனே தன் தாளைத் திருத்திக்கொண்டால் யார்தாம் தோற்பார்?

இந்தியாவிலும் ஒரு பாடம் உண்டு. அங்கே 1953-இல் விமானக் கம்பெனிகள் யாவும் சர்க்கார் வசமாயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1994-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பல கம்பெனிகள் எழுந்தன, பல வீழ்ந்தன. முடிவில் இண்டிகோ என்னும் ஒரே கம்பெனியிடம் உள்நாட்டுப் பிரயாணிகளில் அறுபது சதவீதத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2025-இல் விமானிகளுக்குப் போதிய ஓய்வு தர வேண்டுமென்ற புதிய விதி முழுமையாக அமுலுக்கு வந்தபோது, அதற்கேற்ற ஆட்கள் அக்கம்பெனியிடம் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் நின்றன. மற்றக் கம்பெனிகளின் விலை வானளாவ ஏறியது. சர்க்கார் என் செய்தது? ஒருபுறம் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதித்தது. மறுபுறம் ஓய்வு விதியையே அக்கம்பெனிக்குத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. ஒருவனிடமே ஊர் முழுவதும் சிக்கிக்கொண்டால், சட்டம் அவனுக்கு வளையுமேயன்றி அவன் சட்டத்திற்கு வளையான். ஏகபோகம் சர்க்கார் கொடுத்ததானாலும் சந்தை கொடுத்ததானாலும் அதன் குணம் ஒன்றே.

மூன்றாவதான நாணயத்தில் சிறிது வெளிச்சம் தெரிகிறது. மலேசியாவில் 2016-இல் விமானப் பயண ஆணையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டு, பிரயாணிகளின் உரிமைகள் விதிகளாக எழுதப்பட்டன. விளம்பரத்தில் ஒரு விலையும் கடைசியில் ஒரு விலையும் சொல்லலாகாது என்று அவை கூறின. 2024 செப்டம்பர் முதல், விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், செலுத்திய வழியிலேயே பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அவ்வாணையம் சிவில் விமான ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. போட்டியின் தாயகமான அமெரிக்காவே 2024-இல், ரத்தான விமானத்தின் பணத்தைக் கேளாமலே திருப்பித்தர வேண்டுமென்று விதி செய்தது. இவ்விதிகளால் எந்தக் கம்பெனிக்கும் வழி அடைபடவில்லை. எந்த விலையும் சர்க்கார் அலுவலகத்தில் எழுதப்படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்பது மாத்திரமே கட்டளை. மளிகைக் கடைக்காரன் படிக்கல்லைச் சர்க்கார் சோதிப்பதை எவரும் வியாபாரச் சுதந்தரத்திற்கு விரோதமென்று சொல்வதில்லை. விமானக் கம்பெனியின் படிக்கல்லுக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆகவே நாம் கேட்பது இதுதான். வாசலைத் திறந்து வையுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து மலிவாக விற்கட்டும். வந்தவன் மற்றவரை விழுங்கி வாசலை உள்ளிருந்து தாழிடாதபடி காவல் வையுங்கள். யந்திரத்தையும் விமானியின் ஓய்வையும் பேரத்திற்கு விடாதீர்கள். பாரியோ போன்ற ஊர்களுக்கு ஆகும் செலவை, நகரத்து டிக்கட்டில் மறைத்துச் சேர்க்காமல், பொதுப்பணத்திலிருந்து கணக்குக் காட்டிக் கொடுங்கள். வாங்கிய பணத்திற்கு வாக்கைக் காப்பாற்றச் செய்யுங்கள். இவற்றுள் எதுவும் தானே நடவாது. 1938-இன் சபையும் நல்லோரால் தொடங்கப்பட்டதே; எவரும் கவனிக்காத நாற்பது ஆண்டுகளில் அது கெட்டது. கவனிக்க வேண்டியவர்கள் டிக்கட்டு வாங்கும் நாமே.

அம்மூதாட்டியின் கதையைப் பாதியில் விட்டோம். அன்றிரவு நாமும், வேறு நால்வரும், அவருமாக ஒரு வாடகை வண்டி பிடித்து எல்லையைக் கடந்து, அங்கிருந்து வடக்கே செல்லும் பஸ் ஏறினோம். மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தோம். பேரன் வந்து தூக்கை வாங்கிக்கொண்டான். அவருடைய பணத்திற்காக நாம் அவர் சார்பில் நான்கு கடிதங்கள் எழுதினோம். ஐந்தாம் மாதம் முழுப்பணமும் வந்தது. தொலைபேசியில் அதைத் தெரிவித்தபோது, “கேட்டால் கொடுப்பார்களா தம்பி!” என்று வியந்தார். கேட்டால்தான் கொடுப்பார்கள் என்றோம்.

இருபத்தாறு ஆண்டுகள் இடைவிட்டு, இருமுறை நாம் இரவு பஸ்ஸில் அதே நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றோம். முதன்முறை சென்றபோது வினவத் தெரியாமல் சென்றோம். அன்று வினவியிருந்தாலும் தகப்பனாரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டோம். அது நமக்குத் தெரியும். ஆயினும் அன்று நம்மைப் போல் பஸ்ஸில் உறங்காமல் உட்கார்ந்திருந்தவர் அத்தனை பேரும் வினவியிருந்தால், கதவு 2008 வரை காத்திராமல் முன்னதாகவே திறந்திருக்கக் கூடுமன்றோ? அன்பர்கள் சிந்திப்பார்களாக.